தும்மல் மருந்தும் தாலி முகூர்த்தமும்

ஏமாங்குளத்துக்காரர்களை யாராவது முட்டாள் என்றால் எனக்குக் கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் எப்படி ஐயா முட்டாளாவான்? அவர்களிடம் எதைச் சொன்னாலும் அட்சரம் பிசகாமல் செய்வார்கள். வம்பே அதில்தான்.

அந்த ஊர் இசக்கிமுத்துவுக்குப் பூ ஆகாது. சம்பங்கி வாசம் பட்டால் போதும், கூரை அதிரத் தும்முவான். மாலை போடாமல் கல்யாணம் உண்டா? பெண்ணின் அப்பா சுப்பையா பிள்ளையோ பூனை குறுக்கே போனால் பயணத்தையே நிறுத்துகிறவர். "தாலி கட்டுற நேரத்துல தும்மல் சத்தம் என் காதுல விழுந்துச்சோ, பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார். இசக்கிமுத்துவுக்கு உலகம்மாள் மேல் உயிர். பயல் அழுதே விட்டான்.

அவனுக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர்: பெரியவர் சங்கரலிங்கம், நடுவுள்ளவர் சுடலைமுத்து, சின்னவர் கோமதிநாயகம். கல்யாணத்துக்கு முதல் நாள் மூவரும் வேன் பிடித்து டவுன் மெடிக்கலுக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா அலர்ஜி மாத்திரையும் இருமல் டானிக்கும் எடுத்துக் கொடுத்தாள். "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கொடுக்கணும் அண்ணாச்சி. நல்லாத் தூக்கம் வரும். இந்த மருந்துக்கு வண்டி ஓட்டக் கூடாது."

வேன் புறப்படப் போகையில் சங்கரலிங்கம் தடுத்தார். "வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னாளே!"

"டிரைவர் மருந்து சாப்பிடலையேண்ணே?"

"மருந்து வண்டிக்குள்ளதானே இருக்கு? நமக்கு எதுக்குலே வம்பு?"

டிரைவரை ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிவிட்டு, மூவரும் பின்னாலிருந்து ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். முழு வாடகையும் கொடுத்தார்கள்.

மறுநாள் விடியக்காலை முகூர்த்தம். மாப்பிள்ளை அறையில் சிக்கல் முளைத்தது.

"மாத்திரையை முழுங்குலே" என்றார் சுடலைமுத்து.

"பொறு. சாப்பாட்டுக்கு அப்புறம்லா கொடுக்கச் சொன்னா?" என்று தடுத்தார் சங்கரலிங்கம்.

"தாலி கட்டுற வரைக்கும் மாப்பிள்ளை விரதம்லா!"

மூவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இசக்கிமுத்து மாலையைத் தூரத்தில் பார்த்தே மூக்கைத் தேய்த்தான்.

கோமதிநாயகம் மெல்லக் கனைத்தார். "தும்மல் யாருக்குக் கெடுதல்? தும்முறவனுக்கா?"

"அவனுக்குச் சுகமால்லா இருக்கும்."

"கேக்கிறவங்களுக்குத்தானே அபசகுனம்? அப்போ நோயாளி யாரு?"

சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னை டாக்டருக்குப் படிக்க வச்சிருக்கணும்லே!"

நோயாளிகள் எல்லாரும் அப்போது பந்தியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் காபி. மருந்து மொத்தமும் காபி அண்டாவுக்குள் போனது. "நாமளும்தானே கேக்கப் போறோம்" என்று மாமன்களும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள்.

அந்த மருந்துக்கு அவ்வளவு வீரியமா என்று என்னைக் கேட்காதீர்கள். கோழி கூவுமுன் எழுப்பிவிட்ட கூட்டம், சும்மாவே தூங்கி வழிந்துகொண்டிருந்தது. முதலில் சுப்பையா பிள்ளையின் தலை தொங்கியது. ஐயர் பாதி மந்திரத்தில் கண்ணை மூடினார், திறக்கவில்லை. நாதஸ்வரக்காரர் குறட்டை விட்டார். சும்மா சொல்லக் கூடாது, சுருதி சுத்தம்.

விரதமிருந்த இரண்டு பேர் மட்டும் விழித்திருந்தார்கள். உலகம்மாள் மாலை போட்டாள். இசக்கிமுத்து மண்டபமே அதிரத் தும்மினான். தும்மிவிட்டு, வெளிறிப்போய் மாமனாரைப் பார்த்தான். அவர் கொசுவை விரட்டிவிட்டு மறுபக்கம் சாய்ந்தார்.

"என்ன பார்வை? அப்பா முழிக்கதுக்குள்ள கட்டுங்க" என்றாள் உலகம்மாள். முடிச்சுக்கு ஒரு தும்மலாகப் போட்டுக் கட்டி முடித்தான்.

வெயில் ஏறி எல்லாரும் விழித்தார்கள். "தும்மல் விழுந்துச்சா?" என்று பதறினார் சுப்பையா பிள்ளை. "எனக்குக் கேக்கலை", "எனக்கும் கேக்கலை" என்று சபையே சத்தியம் செய்தது. மாமன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சுப்பையா பிள்ளைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எல்லாம் சரி சம்பந்தி. எனக்கு ஒரே பொண்ணு. தாலி ஏறினதை ஒருத்தரும் கண்ணால பாக்கலையே!"

சங்கரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுக்குப் போயா கலங்குதீங்க? மறுபடியும் கட்டச் சொன்னாப் போச்சு. எல்லாரும் கண் குளிரப் பாருங்க!"

பிறகு சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே, முதல்ல சபைக்கு அந்தக் காபியை இன்னொரு ரவுண்டு கொடுங்கலே!"