வெறும் சுவரும் ஒரு கூடைச் சாணியும்

ராசா காலத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ச் சந்தையில சிங்காரவேல் முதலாளிக்கு ஒரு நீளமான சுவரு. யாரு வேணா கரியால எதையும் எழுதலாம். படிக்க வர்ற கூட்டத்த நம்பி பக்கத்துலயே பலகாரக் கடை போட்டிருந்தாரு முதலாளி.

ஒருநாள் எவனோ, "பால்காரி பேச்சி பால்ல குளத்துத் தண்ணி கலக்குறா"ன்னு எழுதிட்டான். பச்சப் பொய்! ஆனா அதப் படிக்கத்தான் கூட்டம் அலமோதுச்சு. முதலாளி என்ன செஞ்சாரு தெரியுமா? அந்த வரிக்கு மேல மட்டும் ஒரு விளக்கு மாட்டிவிட்டாரு. பேச்சிகிட்ட பால் வாங்க ஆளே இல்ல.

"அது பொய்யிங்கய்யா, அத அழிச்சிருங்கய்யா"ன்னு கெஞ்சுனா பேச்சி.

"எழுதுனவனப் போய்க் கேளு. நான் வெறும் சுவரு."

பேச்சி சாணிக் கூடையும் கையுமா நேரா ராசாகிட்ட போனா. ராசா ஆளனுப்ப, முதலாளியும் பட்டுச் சட்டையில வந்து நின்னாரு.

"எழுதுனவன்தான் பொறுப்புன்னு நீங்க போட்ட சட்டம்தான மகாராசா? நான் வெறும் சுவரு."

ராசாவும் தலையாட்டுனாரு. நல்ல நியாயம்!

பேச்சி ஒரு உருண்டை சாணிய எடுத்து, முதலாளி நெஞ்சுல பளார்னு வரட்டி தட்டுனா.

"ஐயோ, நாறுது! தொடைடி!"

"சுவர்லதானய்யா வரட்டி தட்டுனேன். சுவரு எதுக்குக் கத்துது?"

ராசாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. "பொய்னு சொல்லியும் அழிக்காத சுவர்ல நீ தாராளமா தட்டு தாயி"ன்னாரு.

அவ அடுத்த உருண்டைய உருட்டுறதுக்குள்ள முதலாளி சந்தைக்கு ஓடி, தோள்ல கெடந்த பட்டுத் துண்டாலயே சுவரத் தொடச்சுக்கிட்டிருந்தாரு.