மைனாவின் தூக்கத்துக்குக் காவல் இருந்த கரிச்சான்

பிள்ளைகளே, இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக நான் நம்பவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு மூங்கில் காட்டில், உச்சிக்கிளையில் இருந்து ஆபத்தை அறிவிக்கும் வேலையை ஒரு மந்தி பார்த்துவந்தது. அது குட்டி போட்டதால் வேலையை விட்டது. அந்த இடத்துக்கு மைனாவும் கரிச்சான் குருவியும் போட்டியிட்டன.

மாலையில் மந்தி சொன்னது: "சிறுத்தை வந்தால் 'கர்ர்' என்று கத்த வேண்டும், எல்லாரும் மரமேறுவார்கள். பருந்து வந்தால் நீளச் சீழ்க்கை, புதருக்குள் ஓடுவார்கள். பாம்புக்கு 'டிக் டிக்'. மாற்றிக் கத்தினால் உயிர் போகும். விடிந்ததும் சோதனை!"

மைனா கொஞ்ச நேரம் கத்திப் பழகிவிட்டு, சிறகுக்குள் அலகைச் செருகியது.

"அதற்குள் தூக்கமா, மைனாக்கா?"

"தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, தம்பி."

கரிச்சானுக்கு ஒரே குஷி. 'தூங்கினால் படித்ததெல்லாம் பறந்துவிடும். நன்றாகத் தூங்கட்டும்!'

சில்வண்டுகள் ரீங்கரித்தன. "வாயை மூடுங்கள்! அக்கா தூங்குகிறாள்" என்று கரிச்சான் அதட்டியது. ஆந்தை வந்து அமர்ந்தது. "வேறு மரம் பாரும், ஐயா!" என்று அதையும் விரட்டியது. இடையிடையே தன் பாடத்தையும் விடாமல் கத்தியது.

நடுவில் மைனாவின் தொண்டை துடித்தது, அலகு அசைந்தது. "கனவில் அத்திப்பழம் தின்கிறாள்!" என்று கரிச்சான் சிரித்தது.

விடிந்தது. சிவந்த கண்களோடு கரிச்சான் முதலில் உச்சிக்கிளை ஏறியது. மந்தி கேள்வி கேட்பதற்குள் வானத்தில் நிஜப் பருந்தே வந்துவிட்டது!

கரிச்சான் வாயைத் திறந்தது. மூன்று குரல்களும் தலைக்குள் கொடிபோல் பின்னிக்கிடந்தன.

"கர்ர்!"

அணில்கள் விழுந்தடித்து மரமேறின. பருந்து சிறகை மடக்கிப் பாய்ந்தது.

அப்போது மைனாவின் நீளச் சீழ்க்கை கேட்டது. அணில்கள் பொத்துப் பொத்தென்று புதரில் குதித்தன. பருந்தின் காலில் சிக்கியது ஒரு சருகுதான்.

"எங்கேயப்பா உன் சிறுத்தை?" என்றது ஓர் அணில், வாலில் தைத்த முள்ளைப் பிடுங்கியபடி.

"இரவெல்லாம் படித்தேனே! மைனாக்கா தூங்கத்தான் செய்தாள். தொண்டை மட்டும் துடித்தது" என்று புலம்பியது கரிச்சான்.

மந்தி விழுந்து விழுந்து சிரித்தது. "தூக்கத்திலும் அவளுக்கு உள்ளே பாடம் நடந்திருக்கிறது. அதற்கு நீயே காவலும் இருந்திருக்கிறாய்!"

உச்சிக்கிளை மைனாவுக்குப் போனது. கரிச்சான் அங்கேயே தலை சாய்த்து, பொழுது சாயும்வரை தூங்கியது.

இதை எனக்குச் சொன்னதும் அந்தக் கரிச்சான்தான். ஒருநாள் அதனிடம் கேட்டேவிட்டேன்: "மூன்றே மூன்று குரல்களை மறந்த நீ, இத்தனை பெரிய கதையை மட்டும் எப்படி ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறாய்?" "அதன்பிறகுதான் பொழுது சாயும்வரை தூங்கினேனே!" என்றது கரிச்சான்; அன்றுதான் நம்பினேன்.

நீதி: படித்தது நெஞ்சில் தங்க, நல்ல தூக்கமும் வேண்டும்.