பரிவட்டம் கட்டிய கடவுள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த வம்சத்தார் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட வேண்டிய ஒரு நாட்டில், ராஜாவுக்குக் கடவுள் மேல் கோபம் வந்தது. ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடைந்து குயவர் தெருவையே அடித்துக்கொண்டு போயிருந்தது. ராஜாவின் கோபம் அதற்காக என்று நினைத்துவிட வேண்டாம். அதே மழையில் அவருடைய செல்ல மயில் நனைந்து, காய்ச்சல் கண்டு செத்துப்போனது.

"வேளை தவறாமல் பூஜை செய்விக்கிறேன். என் மயிலோடு அவனுக்கு என்ன பகை?" என்று சபையில் உறுமினார்.

அரண்மனை வைத்தியர் உலகளந்தார் தொண்டையைச் செருமினார். பெயரில்தான் பெருமாள், ஆளுக்குச் சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. "இல்லாதவனிடம் என்ன கேள்வி, பிரபு? ஒருவேளை இருந்தால், ஏழை குடிசையாகப் பார்த்து அடித்துக்கொண்டு போனதில் அவனுக்கு என்ன நோக்கம்? அதை அவன் எனக்குச் சொல்லட்டும்!" இல்லை என்கிறவருக்கு, உண்டு என்கிறவர்களைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காவலர்கள் பவளாயியை இழுத்து வந்தார்கள். குயவர் தெருக்காரி. புருஷனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவள் செய்த குற்றம், ஈரக் களிமண்ணை அள்ளிக் கோயில் கதவில் அடித்தது.

"தெய்வ நிந்தனை, பிரபு. இவளை இன்றே நாடு கடத்த வேண்டும்" என்றார் மந்திரி நாகலிங்கர். அவருக்கு என்ன அவ்வளவு அவசரமோ!

"தொரத்துங்க. எங்கிட்டுப் போனாலும் அவங்கிட்டதான் கேப்பேன்" என்றாள் பவளாயி. "சாமி உத்தரவுன்னுதானே கூடை கூடையா மண்ணு சொமந்தோம்? சொமந்தவன் வீட்டையே ஏண்டா சாச்சே? வாயத் தொறந்து சொல்லட்டும், போயிர்றேன்."

விகடகவி மருதையன் தூணோரம் நின்றிருந்தான். அன்று சிரிப்புப் பேச்சை விட்டுவிட்டு முன்னால் வந்தான். "பிரபு, தாங்கள் மயிலுக்காகக் கேட்டதையே இவள் புருஷனுக்காகக் கேட்கிறாள். கேட்டவளைத் துரத்தினால் கேள்வியும் எல்லை தாண்டிப் போய்விடுமா?"

நாகலிங்கர் காத்திருந்தது இதற்குத்தான். தான் யோசனை சொன்னால் கொட்டாவி விடும் ராஜா, மருதையன் வாயைத் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவதை அவர் எத்தனை நாள் பொறுப்பார்? "இவ்வளவு அக்கறை உள்ளவர் கடவுளையே சபைக்கு அழைத்து வந்து பதில் சொல்ல வைக்கட்டுமே, பிரபு! முடியாவிட்டால் அவளோடு அவரும் நடையைக் கட்டட்டும்."

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை கடவுள் என் முன்னே நிற்க வேண்டும், மருதையா."

வெள்ளிக்கிழமை சபையில் நிற்க இடமில்லை. தனக்கு ஏன் வழுக்கை தந்தான் என்று கேட்கத் தளபதி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மருதையன் ஒரு தாம்பாளத்தோடு மட்டும் வந்தான். தாம்பாளத்தில் ஒரு சிவப்புப் பட்டு.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஏரிக்கரைச் சாமிக்குத் திருவிழா முடிந்ததும், சாமி மேல் சாத்திய பட்டை ஒரு பெரிய மனிதர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். அடுத்த திருவிழா வரை அவர் சாமிக்குச் சமம். பட்டு கட்டிக்கொண்டு அவர் சொல்வதெல்லாம் சாமி உத்தரவு. அவர் உத்தரவு கொடுத்த பிறகுதான், மழைக்கு முன் வீட்டுக்கு வீடு கூடையெடுத்துப் போய் ஏரிக்கரைக்கு மண் போடுவார்கள்.

"இந்த ஆண்டு இது யார் தலையில் ஏறியது, பிரபு?"

"நம் மந்திரி தலையில்."

"அவர் வீட்டுப் பூஜை அறையிலிருந்துதான் வருகிறது. 'ஐயா இன்று சபையில் கட்டிக்கொள்ள வேண்டும்' என்றேன். அம்மா சந்தனம் தெளித்தே கொடுத்தார்கள்" என்ற மருதையன், நாகலிங்கர் சுதாரிப்பதற்குள் பட்டை அவர் தலையில் சுற்றிக் கட்டி, நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். "கடவுள் வந்துவிட்டார். கேட்கிறவர்கள் கேட்கலாம்!"

"என்ன கேலிக்கூத்து இது? நான் எப்படியப்பா கடவுளாவேன்?"

"கோயிலில் முதல் மரியாதையாகத் தேங்காய் மூடியை வாங்கும்போது இந்தச் சந்தேகம் வரவில்லையே!" என்றார் வைத்தியர்.

பவளாயி முன்னால் வந்து கும்பிட்டாள். "சாமி, இந்தப் பட்டக் கட்டிக்கிட்டுத்தானே, கரைக்குப் போற மண்ண ஒங்க நந்தவனத்துல கொட்டச் சொன்னீக? ஏன் சாமி?"

"நந்தவனத்திலா?" என்றார் ராஜா.

"அது... செண்பக மரங்களுக்கு மேட்டு நிலம் வேண்டுமென்று... கரை இன்னும் ஒரு வருஷம் தாங்குமென்று..." நாகலிங்கருக்கு வியர்த்துப் பட்டு நனைந்தது.

மருதையன் எழுந்தான். குரலில் விகடம் இல்லை. "கேட்டீர்களா, பிரபு? ஏன் செய்தான் என்று பக்தர்கள் அழுகிறார்கள். இருந்தால் ஏன் செய்தான் என்று வைத்தியர் சீறுகிறார். செய்தவரோ பட்டு கட்டிக்கொண்டு நம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார்! இவரைக் கேட்டால் நாடு கடத்துவார். மேலே இருப்பவனைக் கேட்டால் அவன் திருப்பி அடிப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் அவனையே கேட்கிறோம்."

"சரி, என் மயில்?" என்று ராஜா விடவில்லை.

மருதையன் பரிவட்டத்தை அவிழ்த்தெடுத்து மெல்லச் சிம்மாசனப் படியேறினான். "மழையில் தோகை விரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு, மயில் கூண்டின் கூரையைப் பிரிக்கச் சொன்னவர் தலையில் இதைக் கட்டட்டுமா, பிரபு?"

ராஜா கூரையைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வேறு என்னதான் செய்வார், பாவம்! சிரித்து முடித்து, நந்தவனத்து மண்ணையெல்லாம் நாகலிங்கர் தன் தலையில் சுமந்து கரையில் போட வேண்டும், பவளாயிக்கு வீடும் சூளையும் அரண்மனைச் செலவில் கட்டித்தர வேண்டும் என்று உத்தரவிட்டார். தன் கையில் கிடந்த தங்கக் கடகத்தைக் கழற்றி மருதையன் கையில் மாட்டினார்.

அரண்மனை வாசலில் மருதையன் கடகத்தை ஆட்டிக்கொண்டே, "பார்த்தாயா அக்கா, உன் கையிலிருந்து கடவுளைக் காப்பாற்றிவிட்டேன்!" என்றான்.

பவளாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் எங்க தம்பி தப்பிச்சான்? கரை ஒடஞ்சதுக்குத்தான் மந்திரி பதில் சொன்னாரு. தண்ணி வந்தப்ப தெருவே மேட்டுக்கு ஓடுச்சு. எங்க வீட்டு மனுசன் மட்டும் நடக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரியத் தூக்கப் போனாரு. அவ பொழச்சுக்கிட்டா. தூக்கி விட்டவரக் காணோம். அதுக்கு அவன்தான் பதில் சொல்லணும். நாளைக்கும் போயிக் கேப்பேன்."

மருதையன் கடகத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரம் அவளோடு நடந்தான்.

"போய்க் கேள் அக்கா" என்றான் கடைசியில். "கோயில் கதவில் அடிக்க மண்ணைக் குழைக்க ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்பு."