வார்டன் மேசைக் கிண்ணம்

எங்கள் பல்கலைக்கழக விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஊற்றினால், தட்டுக்குள் மின்விசிறி சுற்றுவது தெரியும். பொய்யென்றால் என் மீசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்து வெயிலுமுத்து அதைச் சொல்லிச் சிரித்ததற்கு, தன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வார்டன் தணிகாசலம் பாதியில் நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

“நானும் இதே சாப்பாடுதான்டா சாப்பிடுறேன். எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லி மன்னிப்புக் கேளு. இல்லேன்னா இன்னைக்கே ரூமைக் காலி பண்ணு.”

வெயிலுமுத்து கையைக் கட்டிக்கொண்டான். “மன்னிச்சிருங்க சார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான்.” பிறகு சாம்பார் வரிசையைப் பார்த்து, “ஏலே, அங்க ஏன் முண்டுறீங்க? சார் மேசையில கூட்டமே இல்ல, இங்க வாங்க” என்றான்.

தட்டுகள் நகர்ந்து வந்தன. வார்டனின் இடக்கை தானாகப் போய்க் கோழிக்குழம்புக் கிண்ணத்தை மூடியது. ரூமைக் காலி செய்யும் பேச்சு அத்தோடு நின்றது. பாவம், முகத்தை மூடிக்கொள்ள அவருக்கு மிச்சமிருந்தது குழம்பு வழியும் வலக்கை மட்டும்தான்.