ஒரு சாண் பெரியவர்

வட துருவக் கடலில் முன்பொரு சமயம் ஒரு பனிப்பாளம் மிதந்துகொண்டிருந்தது. அகலத்தில் ஒரு கிராமமே குடியேறலாம். கனம் மட்டும் ஒரு சாண்தான். கடல்நாய்கூட அதன்மேல் ஏறுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும். பாளத்துக்கு அது தீராத மனக்குறை.

ஒரு வாரம் விடாமல் புதுப்பனி கொட்டியது. பஞ்சு மாதிரி ஒரு சாண் உயரத்துக்குப் பாளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் செயற்கைக்கோள் அந்தப் பக்கம் வந்தது.

வானத்திலிருந்து லேசர் ஒளியை விட்டு உயரம் பார்ப்பது அதன் வேலை. நீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்தால் நீருக்குள்ளே ஒன்பது சாண் இருக்கும் என்பது அது படித்த பாடம். தெரிவது கட்டியா, நேற்றுப் பெய்த பஞ்சா என்று இறங்கி வந்து பார்க்க அதற்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை.

“அடேயப்பா! பத்துச் சாண் கனம்! இந்த வட்டாரத்திலேயே நீங்கள்தான் பெரியவர்!” என்றது.

பாளத்துக்குத் தலைகால் புரியவில்லை. “எல்லாம் உங்கள் ஆசீர்வாதம்,” என்று சொல்லி வைத்தது.

சேதி கரைக்குப் போயிற்று. இரண்டாம் நாள், முகாம் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒரு பனி டிராக்டர், கரையை ஒட்டி ஒதுங்கியிருந்த பாளத்தை நோக்கிக் கிளம்பியது. கடல் பனியை ஆராய வந்த ஜெசிந்தாவும், வண்டி ஓட்டும் சூசையும் அதில் இருந்தார்கள். இருவரும் தூத்துக்குடிக்காரர்கள்.

டிராக்டரின் உறுமல் பாளத்துக்குக் கேட்டது. அது ஏறினால் தானும் இல்லை, அந்த இருவரும் இல்லை. தலைக்குமேல் போய்க்கொண்டிருந்த செயற்கைக்கோளைப் பார்த்துக் கத்தியது.

“ஐயா! நான் ஒரு சாண்தான்! மேலே இருப்பது வெறும் பஞ்சு!”

“பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள்,” என்று உருகிவிட்டு, செயற்கைக்கோள் தொடுவானத்தில் மறைந்தது.

டிராக்டரின் பின்னால், பனியில் ஓட்டை போடும் துளைப்பானைக் கட்டிவைத்திருந்தார்கள். யாரிடமும் முகத்துக்கு நேரே பேசிவிடும் பிறவி அது. பாளங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“துளைப்பான் அண்ணே! வந்து என்னைக் குத்துங்கள்!”

“என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் கூட்டமாயிற்றே நீங்கள்! பத்துச் சாண் பெரியவருக்கு நான் எதற்கு?”

“சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம் அண்ணே! இரண்டு உயிர் வருகிறது!”

துளைப்பான் உடனே உடம்பை நெளித்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டு, தொப்பென்று குதித்து, வண்டியை முந்தி உருண்டுபோய்ப் பாளத்தின் ஓரத்தில் விழுந்தது. சூசை வண்டியை நிறுத்தினார். ஜெசிந்தா இறங்கிப் போய் அதை எடுத்தாள்.

“அதத் தூக்கிப் போட்டுட்டு ஏறும்மா. மேல இருந்து பாத்தவனே பத்துச் சாண்னுட்டான். பெறவு என்ன?”

“இருங்க அண்ணாச்சி. கையில எடுத்தாச்சி. ஒரு குத்து குத்திட்டு வாறேன்.”

துளைப்பான் இறங்கியது. பாளம் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டது. ஒரு சாண் ஆழம் போனதும் குபுகுபுவென்று கடல் பொங்கி வந்தது.

“எம்மா! அண்ணாச்சி, வண்டியப் பின்னால எடுங்க! எடுங்க!”

சூசை சிலுவை போட்டுக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். உறுமல் தேய்ந்து மறையும்வரை பாளம் மூச்சுவிடவில்லை.

அடுத்த நாள் அடித்த காற்றில் புதுப்பனி மொத்தமும் பறந்துபோயிற்று. செயற்கைக்கோள் வந்தது, பார்த்தது, பதறிவிட்டது.

“ஐயோ பெரியவரே! ஒரே நாளில் ஒன்பது சாண் போய்விட்டதே!”

“எதுவும் போகவில்லை ஐயா,” என்றது பாளம். “அந்த ஒன்பது சாணும் உங்களிடம்தான் இருந்தது.”