நாலு நிமிஷத் தூரம்

"மூணு வருஷமா தியானத்துல உட்கார்ந்து பார்த்துட்டேன், அம்மா. மனசு அடங்கல," என்றார் தணிகாசலம்.

வேதநாயகி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது அடங்க விடமாட்டேங்குது?"

"ஒரு குரல்."

"வந்து சத்தம் போடுதா?"

"வரவே மாட்டேங்குது. காது அதுக்காகக் காத்துக்கிட்டே இருக்கு."

தணிகாசலத்துக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் போர் விமானி. ஜவ்வாது மலையடிவாரத்தில் நாலு ஓட்டு வீடும் ஒரு கிணறுமாக இருந்த அந்த ஆசிரமத்துக்கு, மனைவி போன பிறகு வந்து சேர்ந்தவர். அங்கே குருவாக இருந்த அம்மா அவரைவிடப் பதினேழு வயது இளையவர். அது இருவருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

"யார் குரல்?"

"குருவிளான்னு ஒருத்தன். கோட்டயத்துக்காரன். போர்ல என் ஜோடி விமானி. இருபத்தி நாலு வயசு."

அம்மாவின் கை நின்றது.

தணிகாசலம் சொன்னார்.

இரண்டு விமானங்கள். எல்லை தாண்டிப் போய் ஒரு பாலத்தைத் தகர்த்துவிட்டுத் தாழப் பறந்து திரும்பிக்கொண்டிருந்தன. கீழே இருந்து சுட்டார்கள். முன்னால் போன தணிகாசலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரேடியோவில் குருவிளாவின் குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல்.

"சாரே, எனக்குத் தீ விளக்கு எரியுது. பின்னால புகை வருதா, பாருங்க."

தீப்பிடித்ததை எச்சரிக்கும் அந்த விளக்கு சில சமயம் சும்மாவும் எரியும். பக்கத்தில் பறப்பவன் பார்த்துச் சொன்னால்தான் நிச்சயம்.

தணிகாசலம் வேகத்தைக் குறைத்து அவனுக்குப் பின்னால் வந்து பார்த்தார். புகை வந்தது. கறுப்பாக, கயிறு போல நீண்டு.

எல்லைக்கு நாலு நிமிஷம் இருந்தது. இப்போது குதித்தால் எதிரி மண்ணில் விழுவான். முந்தின நாள் குதித்த ஒருவனை என்ன செய்தார்கள் என்று முகாமில் பேசிக்கொண்டது அவர் காதில் இருந்தது.

"ஒண்ணும் தெரியல. நேரா போ," என்றார்.

"சரி, சாரே," என்றான் குருவிளா.

மூன்றாவது நிமிஷம் அந்த விமானம் வானத்திலேயே வெடித்தது.

முறத்தில் ஒரு எறும்பு ஓடியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தின நாள் குதிச்சவன் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

"கைதியா இருந்துட்டு அடுத்த வருஷம் திரும்பி வந்தான். பேரன் பேத்தி எடுத்துட்டான்."

தணிகாசலம் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்:

"ரேடியோல ஸ்டேஷன் கிடைக்காத இடத்துல முள்ளை நிறுத்திட்டு அந்த இரைச்சலைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். என் சம்சாரம் பைத்தியம்னு சொல்லுவா. அவன் இன்னொரு தடவை கேட்கணும், அம்மா. அதே கேள்வி. ஒரே தடவை."

"கேட்டா?"

"உள்ளதைச் சொல்லிடுவேன்."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள், ஆசிரமத்துக்கு அடிக்கடி வரும் ஒரு பெண் மாம்பழக் கூடையோடு வந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"செய்யாறு பத்மாவதி வந்திருக்காங்க, அம்மா," என்றார் பின்னாலிருந்த தணிகாசலம்.

"வா, பத்மாவதி," என்றார் அம்மா.

மத்தியானம் அம்மா இரண்டாவது தடவை குழம்புக்கு உப்புப் போட்டார். தணிகாசலம் யாருக்கும் தெரியாமல் வெந்நீர் ஊற்றி விளாவி வைத்தார். அது அவருக்குப் பழகிப்போன வேலை.

அதற்கடுத்த நாள் காலை, பூசைக்கு நடுவில் அம்மாவின் பாட்டு பாதியில் நின்றது. தணிகாசலம் அடுத்த அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். பாட்டு தொடர்ந்தது.

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"இங்க உட்காருங்க, ஐயா."

உட்கார்ந்தார்.

"எனக்கு ஏதோ நழுவிப் போற மாதிரி இருக்கு. பேரு, முகம், பாட்டு. மத்தவங்களைக் கேட்டா, வயசானா அப்படித்தான்னு சிரிக்கிறாங்க. நீங்க எப்பவும் என் பக்கத்துலயே இருக்கீங்க. பார்த்துச் சொல்லுங்க. எனக்கு நினைவு போகுதா?"

இல்லை என்ற சொல் தணிகாசலத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அம்மா காத்திருந்தார். அவர் முகத்தில் குருவின் தோரணை எதுவும் இல்லை. பயந்துபோன ஒரு பெண்ணின் முகம் அது.

"ஆமாம், அம்மா."

"எப்போலேருந்து?"

"தை மாசத்துலேருந்து. ஏழு மாசமா."

"ஏழு மாசம்." அம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"இப்படியே இன்னும் கொஞ்சம் ஓட்டிடலாம்னு..."

தணிகாசலம் பாதியில் நின்றார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டார். அவர் தலை தாழ்ந்துகொண்டே போனது.

அம்மா அவரைத் தேற்றவில்லை.

அம்மா சொன்னார்: "எனக்கு ஒரு அண்ணன். காட்டுமன்னார்கோயில்ல இருக்கார். இருபது வருஷமாப் பேச்சு இல்ல. தை மாசமே தெரிஞ்சிருந்தா அப்பவே போய்ப் பார்த்திருப்பேன். இப்ப அவர் முகத்தை நினைச்சா அப்பா முகம் வருது."

"இன்னிக்கே போவோம்."

"நேரம் இருக்கா எனக்கு?"

அவருக்கு அதற்கும் ஒரு நல்ல பதில் சொல்ல ஆசையாக இருந்தது.

"தெரியாது, அம்மா. டாக்டரைத்தான் கேட்கணும். முதல்ல அண்ணனைப் பார்ப்போம்."

போளூரில் பஸ் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் அம்மா. பக்கத்தில் அவர், மடியில் மாம்பழப் பையோடு. இரண்டு பஸ் மாறினார்கள். விழுப்புரம் தாண்டியதும் வெயில் சாய்ந்தது. வயல்வெளியில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். வெகுநாள் பழகியவரைப் பார்க்கும் கனிவு கண்ணில் இருந்தது. பேர் மட்டும் வரவில்லை.

"உங்க பேரு என்ன, ஐயா?"

"தணிகாசலம். காலையிலேருந்து மூணாவது தடவை கேட்கறீங்க, அம்மா."

அம்மா அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்லது. நாலாவது தடவையும் இப்படியே சொல்லுங்க."