மண்குதிரை மேய்ந்த வயல்

புத்திசாலிகள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். செடி வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பக்கத்தில் வாருங்கள். இந்தக் கதையில் திருடன் கிடையாது. ஆனால் ஒரு வயல் நிறைய மொட்டு காணாமல் போயிற்று.

நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஊர். எல்லைக் கருப்பசாமி கோயிலை ஒட்டி மாயக்காளுக்கு ஒரு துண்டு நிலம். கைக்குழந்தை மஞ்சள்காமாலையிலிருந்து பிழைத்தபோது அவள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: தைத் திருவிழாவில் பல்லக்கு முழுக்கத் தன் வயல் செவ்வந்திதான், விலைக்கு வாங்கிய பூ ஒன்றுகூடச் சேராது. நேர்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது? ஐப்பசியில் மற்ற வயல்களெல்லாம் மொட்டுக் கட்டின. இவள் செடிகள் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றன, மொட்டுதான் இல்லை.

நாற்று எல்லோரும் வாங்கிய அதே நாற்று. உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தையும் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மனுக்குக் கோபமோ என்று பயந்து, தூங்கும் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் களை எடுக்கும்போது நடுவயலில் ஒரு திட்டு மட்டும் மொட்டு விட்டிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் நாலு கால், கழுத்து, தலை. அச்சு அசல் குதிரை! ஊரே திரண்டது. பூசாரி ஒச்சு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கருப்பன் குதிரை ராத்திரி இங்கதான் மேயுது தாயி. அது நின்ன எடத்துல பூக்குது. அதை யாரும் பறிச்சிராதீங்க."

இருந்த நாலு மொட்டும் போச்சு.

மாயக்காளுக்கு மனசு ஒப்பவில்லை. பொழுது சாயும் நேரம் வரப்பில் உட்கார்ந்தாள். கோயிலுக்கு எதிரே கம்பத்தில் பெரிய ஃபோகஸ் லைட் எரியத் தொடங்கியது. அது ஆடியில் சிவனம்மாள் போட்டது. அவள் மகன் வனராஜா பட்டாளத்தில் பனிமலைக் காவலில் இருக்கிறான். அவன் ஊர் திரும்பும்வரை கருப்பன்மேல் விடிய விடிய வெளிச்சம் விழவேண்டும் என்பது அவள் நேர்த்தி. கருப்பன் கல்லுக்குப் பின்னால் ஆளுயரத்தைத் தாண்டிய மண்குதிரை, அதற்கும் பின்னால் வயல். குதிரையின் நிழல் மொட்டு விட்ட திட்டின்மேல் கச்சிதமாக விழுந்தது.

மாயக்காள் சிவனம்மாளிடம் ஓடினாள். "மதினி, அந்த லைட்டைக் கொஞ்ச நாளைக்கு அமத்தி வைங்க. எம் பூவை அதுதான் கெடுக்குது."

"ஏண்டி, எம் மகன் அங்க இருட்டுல நிக்கிறான். இங்க வெளக்க அமத்தச் சொல்றியா? நீ பிள்ளைக்கு நேர்ந்த. நான் மட்டும் யாருக்கு நேர்ந்தேன்?"

இரண்டு பேரும் அழுதார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். குதிரை செடிகளுக்கு அப்படி எதைத்தான் கொடுத்தது? விளக்கும் அணையக் கூடாது, செடியும் பூக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? இந்த இருவரில் யார் கேட்டது சரி?

விடை: செவ்வந்தி இரவின் நீளம் பார்த்து மொட்டு விடும் செடி. இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் காலம். ராத்திரியெல்லாம் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடை என்றே இலை விட்டுக்கொண்டிருக்கும். குதிரை கொடுத்தது வெறும் இருட்டு. ஆகவே மாயக்காள் கண்டுபிடித்தது சரி, கேட்டதுதான் தப்பு. வயலை மறைத்தால் போதும், விளக்கை அணைக்க வேண்டியதில்லை. மறுநாள் இருவருமாக வரப்பு நெடுக உயரமாகக் கம்பு நட்டுப் படுதா கட்டினார்கள். படுதா பற்றாத இடத்தில், மகன் போன லீவில் விட்டுப்போன பட்டாளத்துக் கம்பளியைச் சிவனம்மாளே கொண்டுவந்து தொங்கவிட்டாள். தையில் பல்லக்கு முழுக்க மஞ்சளாகப் புறப்பட்டது. பின்னால் மாயக்காளின் பிள்ளையை இடுப்பில் சுமந்து நடந்தவள் சிவனம்மாள். அவள் மகன் இன்னும் வரவில்லை.